மட்டாஞ்சேரிப் பெரியவருக்கு ஏற்றிய மெழுகுவத்தி

அம்மாவின் இதய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் நெஹேமியா மோட்டா சமாதியில் விளக்கேற்றுவதாக ஆச்சி நேர்ந்திருந்தார். தாத்தா கொச்சியின் மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் கணக்கெழுதிய நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு இந்த யூத ஞானிதான் துணை. 1615-ல், யூதர்களின் விளக்குத் திருநாளான ஹனுக்காவின் முதல் நாளில் மறைந்தவர். அவர் பாடிய எபிரேயப் பாடல்கள் கொச்சி யூதர்களின் வழிபாட்டில் உண்டு. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று யார் நேர்ந்துகொண்டாலும் கேட்பவர்.

ஆச்சிக்கு முட்டிவலி, அதனால் நான் போனேன். ஆட்டோக்காரர் கமிஷனுக்காக ஏலக்காய்க் கடை, கம்பளக் கடை என்று வாசல் வாசலாக நிறுத்தினார். நேர்த்திக்கடனுக்கு வருகிறவர்களை இப்படியா அலைக்கழிப்பது? மனசு கொதித்துப் போனது. இறங்கி, வழி கேட்டுக் கேட்டு நடந்தேன்.

சமாதியில் யார் யாரோ ஏற்றிய மெழுகு உருகி, அடுக்கடுக்காக உறைந்திருந்தது. நான் ஏற்ற ஏற்றக் காற்று அணைத்தது. பக்கத்தில் நின்ற முக்காடிட்ட பெண்மணி தன் மெழுகுவத்தியைச் சாய்த்து என் திரியில் சுடர் வைத்தார். தீக்குச்சிக்குப் பிடிக்காத திரி சட்டென்று பிடித்துக்கொண்டது. அம்மா பெயரைச் சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.

அப்புறம், வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள் 1568-ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம். நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகள் மேல் வெறுங்காலோடு நின்றேன். பத்து ஆண்கள் கூடினால்தான் இங்கே முழு வழிபாடு. 1950-களிலிருந்து குடும்பம் குடும்பமாக இஸ்ரேலுக்குப் போய்விட, பத்துப் பேர் சேர்வதே பெரும்பாடானது. வெளியூரிலிருந்து வரும் யூதர்களைச் சேர்த்துக்கொண்டு வழிபட்டார்கள். பெண்கள் மலையாளப் பாடல்களை நோட்டில் எழுதி வைத்துக் காப்பாற்றினார்கள். எர்ணாகுளத்தில் உள்ள இன்னொரு யூத ஆலயமான கடவும்பாகத்தில் 1972-ல் வழிபாடு நின்றது. ஆனாலும் அந்தச் சமூகத்துக்காரர் ஒருவர், முன்புறத்தில் செடியும் வண்ணமீனும் விற்றுக்கொண்டே உள்ளே ஆலயத்தைப் பேணி வந்தார். கூட்டம் அலைமோதும் கோயிலுக்குத் தொண்டு செய்ய நூறு பேர் வருவார்கள். ஆளில்லாத ஆலயத்துக்கு விடாமல் செய்தவர்களை எப்படிக் கும்பிடாமல் இருப்பது?

அங்கிருந்தே ஆச்சிக்குப் போன் போட்டேன். "ஏத்திட்டியா? அவர் பார்த்துக்குவார்டா," என்றார். அம்மா இப்போது மாடிப்படி ஏறுகிறார், தானே சமைக்கிறார். பெரியவரே, எல்லாம் நீங்கள் போட்ட பிச்சை. அடுத்த ஹனுக்காவுக்கு அம்மாவையே அழைத்து வருகிறேன்.