பெரியவன்ர சளி

ஓகஸ்ட் 28
இரவு முழுக்க இருமல். விடியப் பச்சைச் சளி. கையைக் குழிச்சு முதுகில தட்டித் தட்டிக் கை விறைச்சிட்டுது.

செப்டம்பர் 3
புது டொக்டர் ஸ்ரெதஸ்கோப்பை இடப்பக்கம் வைச்சுப்போட்டு வலப்பக்கம் மாத்தினார். இவனுக்கு இதயம் வலப்பக்கம், அது ஒண்டும் செய்யாது எண்டுதான் இவ்வளவு காலமும் சொன்னவை. இவர்தான் பிறந்த உடன ஒட்சிசன் வைச்சதோ, மூக்கு எப்பவும் ஓடுதோ, காதில சீழ் வாறதோ எண்டு கேட்டவர். எல்லாத்துக்கும் ஓம். முட்டு எண்டு பம்ப் குடுத்தவை, ரீபி எண்டு சளி எடுத்தவை, இதையெல்லாம் ஒண்டாச் சேத்து ஒருத்தரும் கேக்கேல்லை.

செப்டம்பர் 12
எங்கள் மூண்டு பேரிட்டயும் ரத்தம் எடுத்தாச்சு, ஊதா மூடி ரியூப். தாய் தேப்பன்ர மரபணுவோட ஒப்பிட்டால்தான் ஆரிட்ட இருந்து வந்தது எண்டு தெரியுமாம். மனிசருக்கு மொத்தம் 300 கோடி டி.என்.ஏ. எழுத்து, அதில புரதம் செய்யிற நூறில ஒண்டு ரெண்டு பங்கைத்தான் வாசிக்கினம். வாசிச்சும் சிலருக்குப் பிடிபடாதாம்.

ஒக்டோபர் 4
மாமி திரும்பவும் புகைக் கதை. 2009 இல சண்டைக்குள்ள நான் சுவாசிச்ச புகைதான் பிள்ளைக்குப் போனதாம். நான் வாயே திறக்கேல்லை. மாத்தளனில சீலையை நனைச்சு மூக்கில கட்டிக்கொண்டு கிடந்தனான், நானும் அதைத்தானே நினைக்கிறன்.

நவம்பர் 20
மழை. இரணைமடுக் குளத்துக் கதவு திறந்திட்டினமாம். போன் வரேல்லை.

நவம்பர் 21
வரேல்லை.

டிசம்பர் 5
பிடிபட்டிட்டுது. டி.என்.ஏ.எச்.5 எண்ட மரபணு. சுவாசக் குழாயில சளியைத் தள்ளுற சின்ன மயிருகள் இவனுக்கு அசையிறேல்லை, சளி தேங்கித் தேங்கிக் குழாய் விரிஞ்சு கிடக்குது. கருவில இடது வலது பிரிக்கிறதும் இப்பிடி ஒரு மயிர்தானாம், அது அசையாட்டி இதயம் எந்தப் பக்கமும் போகலாம், இந்த நோய்க்காரரில அரைவாசிப் பேருக்கு மாறித்தான் இருக்கும். என்னட்ட ஒரு பிழை, இவன்ர அப்பாவிட்ட அதே பிழை. நாங்கள் சொந்த மச்சான் மச்சாள் எண்டு சொல்ல டொக்டர் தலையாட்டினார். அப்ப புகையில்லையோ எண்டு கேட்டன். இல்லை எண்டார். திருப்பியும் கேட்டன்.

டிசம்பர் 6
மாமி நம்பேல்லை.

டிசம்பர் 9
மாத்த மருந்தில்லை, ஒவ்வொரு நாளும் சளியை எடுக்கோணும், கிருமி வந்தால் உடன அன்ரிபயோட்டிக். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில ஒரு பங்கு வர இடமிருக்காம். சின்னவளுக்கு இதயம் இடப்பக்கம்தான், ஆனா அதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. விடியத் தொடக்கம் அவளுக்கும் மூக்கு ஓடுது, மழைக்கு எல்லாப் பிள்ளையளுக்கும் ஓடுறதுதான், பக்கத்து வீட்டுப் பெடியனுக்கும் ஓடுது, ஆனா இவளுக்குப் போன மாசமும் ஓடினது. திங்கள் கிளினிக்குக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போறன்.