எம்.எஸ். முதல் செமஸ்டர்: எந்த கோர்ஸ், எத்தனை கோர்ஸ்?

அமெரிக்காவில் எலக்ட்ரிக்கல் அல்லது கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்கில் எம்.எஸ். சேரப் போகிறவர்கள் விசா கைக்கு வந்ததும் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "முதல் செமஸ்டரிலேயே மெஷின் லேர்னிங் எடுத்துவிடலாமா?" எடுக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் சிக்னல் பிராசஸிங், கம்யூனிகேஷன், கன்ட்ரோல், மெஷின் லேர்னிங் என்று எந்தப் பக்கம் போனாலும் அடியில் கிடப்பவை லீனியர் அல்ஜீப்ராவும் ப்ராபபிலிட்டியும்தான். அதனால் என்னைக் கேட்டால் முதலில் ரேண்டம் பிராசஸஸ் (நேரத்தோடு தற்செயலாக மாறுபவற்றைப் பற்றிய ப்ராபபிலிட்டி கோர்ஸ்) எடுங்கள் என்பேன். பெயரைக் கேட்டால் கொஞ்சம் மிரட்டும். ஆனால் அதை ஒழுங்காக முடித்தவருக்கு அடுத்த செமஸ்டரில் எந்த வகுப்பும் பாதி தெரிந்த வகுப்புதான்.

எத்தனை என்பதற்கு என் பதில்: மூன்று. பல பல்கலைக்கழகங்களில் ஒரு கோர்ஸுக்கு 3 கிரெடிட். 9 கிரெடிட் இருந்தால் முழுநேர மாணவர் கணக்கு, எஃப்-1 விசாவுக்கும் அது போதும். "ஃபீஸ் ஒன்றுதானே" என்று நான்காவதையும் சேர்க்கச் சொல்லும் சீனியர்கள் இருப்பார்கள். செப்டம்பரிலேயே கேரியர் ஃபேர், இன்டர்ன்ஷிப் விண்ணப்பம் எல்லாம் தொடங்கிவிடும் என்பதை அவர்கள் சொல்ல மாட்டார்கள். படிக்கும்போதே இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டிய சிபிடி அனுமதிக்குப் பொதுவாக ஒரு கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும். ஆக, அடுத்த கோடை விடுமுறைதான் உங்களுக்கு வாய்ப்பு. அதற்கான ஓட்டம் இந்த முதல் செமஸ்டரிலேயே. மூன்றில் ஒன்று ப்ராஜெக்ட் உள்ளதாக இருந்தால் ரெஸ்யூமேயில் எழுதவும் ஏதாவது கிடைக்கும்.

பி.இ.யில் ஸ்டடி லீவில் படித்துக் கரையேறியவர்களுக்கு இங்கே பெரிய அதிர்ச்சி ஹோம்வொர்க். பல வகுப்புகளில் வாரம் ஒன்று வரும், நான்கைந்து கணக்குதான் இருக்கும், வாரக்கடைசியை மொத்தமாக விழுங்கிவிடும். நமக்குப் பழகிய கணக்கில் சூத்திரம் இருக்கும், எண் இருக்கும், போட்டால் விடை வரும். இங்கே விடையைக் கேள்வியிலேயே கொடுத்துவிட்டு "நிரூபி" என்பார்கள்.

இன்ஃபர்மேஷன் தியரியில் தவறாமல் வரும் ஒரு கணக்கைப் பாருங்கள். சராசரியும் வேரியன்ஸும் இவ்வளவுதான் என்று கட்டிவைத்துவிட்டால், எந்த டிஸ்ட்ரிபியூஷனுக்கு என்ட்ரோபி, அதாவது நிச்சயமின்மையின் அளவு, அதிகம்? மணி வடிவ காஸியனுக்கு. ஏன் என்று காட்ட வேண்டும். பி.இ. பழக்கத்தில் கை நேராக லக்ராஞ்ச் மல்டிப்ளையருக்கு (கட்டுப்பாடுகளோடு உச்சம் தேடும் கால்குலஸ் முறை) போகும். ரெண்டு பக்கம் ஓடும். அப்புறமும் கிடைத்தது உச்சம்தானா என்ற கேள்வி மிச்சமிருக்கும். அதற்குப் பதில், ஏதாவது ஒரு டிஸ்ட்ரிபியூஷனையும் அதே சராசரி, அதே வேரியன்ஸ் உள்ள காஸியனையும் எடுத்து, இரண்டுக்கும் இடையிலான ரிலேட்டிவ் என்ட்ரோபியை, அதாவது ஒன்றிலிருந்து மற்றது எவ்வளவு விலகியிருக்கிறது என்ற அளவை, எழுதுங்கள். அது பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது. காஸியனுக்கு லாக் எடுத்தால் வருவது வெறும் இருபடிக் கோவை. அந்தக் கோவையின் சராசரி, டிஸ்ட்ரிபியூஷனின் சராசரியையும் வேரியன்ஸையும் தவிர வேறெதையும் பொறுத்ததில்லை; எதில் எடுத்தாலும் ஒரே எண்தான், குறியை மாற்றினால் அதுவே காஸியனின் என்ட்ரோபி. ஆக, ரிலேட்டிவ் என்ட்ரோபி என்பது காஸியனின் என்ட்ரோபியிலிருந்து மற்றதன் என்ட்ரோபியைக் கழித்தது; அது பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாததால் காஸியனுக்கே அதிகம். மூன்று வரியில் முடிந்தது.

இந்த மூன்று வரி சட்டென்று யாருக்கும் வராது. வியாழன் இரவு கணக்கைப் படித்துவிட்டுத் தூங்கி, வெள்ளி நடந்துபோகும்போது யோசித்தால் வரும். கெடுவுக்கு முந்தைய இரவு பத்து மணிக்குத் திறந்தால் வராது. எழுதும்போது ஒவ்வொரு படிக்கும் ஏன் என்று அரை வரி சேருங்கள், மதிப்பெண் அங்கேதான். நண்பர்களோடு பேசிப் பார்க்கலாம் என்று பெரும்பாலான பேராசிரியர்கள் விட்டுவிடுவார்கள். எழுதுவது மட்டும் தனியாக. சாட்ஜிபிடி விஷயத்தில் வகுப்புக்கு வகுப்பு விதி மாறும், சிலபஸைப் படித்துவிடுங்கள்.

ஆஃபீஸ் ஹவர்ஸுக்குப் போக நம்மவர்களுக்குத் தயக்கம் அதிகம். "சார் என்ன நினைப்பாரோ" என்ற பயத்தை விமானத்திலேயே விட்டுவிடுங்கள். "இந்தக் கணக்கு புரியவில்லை" என்று நிற்காமல், "இதுவரை வந்தேன், இந்தச் சமனின்மைக்கு மேல் நகரவில்லை" என்று தாளைக் காட்டுங்கள். டிஏவுக்கும் (பேராசிரியருக்கு உதவும் டீச்சிங் அசிஸ்டென்ட்) உங்களுக்கும் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும்.

தேர்வில் 100க்கு 50 வாங்கியதும் ஊருக்கு போன் போட்டு அழ வேண்டாம். வகுப்புச் சராசரியே அதுவாக இருக்கலாம், கிரேடு அதைப் பார்த்துத்தான் போடுவார்கள். பல துறைகள் கேட்கும் குறைந்தபட்ச ஜிபிஏ 3.0, அதாவது எல்லாவற்றிலும் பி.

கிளம்பும் முன் இரண்டு மாதம் இருந்தால் எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேரில் கில்பர்ட் ஸ்ட்ராங்கின் லீனியர் அல்ஜீப்ரா, 18.06, இலவசமாகவே கிடைக்கிறது. நம் ஐஐடி பேராசிரியர்களின் ப்ராபபிலிட்டி வகுப்புகள் என்பிடெலில் உண்டு. வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத் தலையாட்டுவது படிப்பில் சேராது, 18.06இல் கணக்குத் தாள்கள் விடையோடு இருக்கின்றன, அவற்றைப் போடுங்கள்.

சேர்ந்த பிறகு ஒரு வகுப்பு ஒத்துவரவில்லை என்றால் ஆட்-டிராப் கெடு முடிவதற்குள் மாற்றிவிடுங்கள். கெடு தாண்டினால் டிரான்ஸ்கிரிப்டில் டபிள்யூ, அதாவது பாதியில் விலகினார் என்ற குறி, விழும். மாற்றாமல் வெறுமனே கைவிடுவதாக இருந்தால், கிரெடிட் 9க்குக் கீழே இறங்கும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் அனுமதியில்லாமல் இறங்கினால் அடிபடுவது விசா.