ஒரு ‘ரன்’, நாற்பது வாக்கியங்கள்: ஸ்பானிஷ் நோட்டிலிருந்து

ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இந்த முறை பாடப்புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டேன்: ‘ரன்’. அது வருகிற நாற்பது ஆங்கில வாக்கியங்களை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றையும் ஸ்பானிஷில் சொல்லிப் பார்ப்பது என்று திட்டம். ஆறு வாரம் ஆயிற்று. முப்பத்தொன்பது முடிந்திருக்கிறது.

இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி இதற்கு, வினைச்சொல்லாக மட்டுமே, 645 பொருள்களைப் பிரித்துக் காட்டுகிறது. அந்தப் பதிவைத் திருத்தி எழுத பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. அவ்வளவு பெரிய சொல்லில் நாற்பது வாக்கியம் ஒரு மூலைதான். ஆனாலும் ஒரு மூலையை நன்றாகத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன்.

முதல் வாரம் எல்லாவற்றுக்கும் ‘கொர்ரேர்’ என்றே எழுதினேன். அகராதி முதலில் தருவது அதைத்தான். ஓடுவது என்று பொருள். ஆறு ஓடுகிறது, குழந்தை ஓடுகிறது, எல்லாம் சரி. ‘எல் தியெம்போ கொர்ரே’ என்றால் நேரம் ஓடுகிறது, தமிழ் மாதிரியே. அந்த உற்சாகத்தில் கடை நடத்துவதற்கும் ‘கொர்ரோ ஊனா தியெந்தா’ என்று எழுதிவிட்டேன். வாரம் ஒருமுறை நான் பேசிப் பழகுகிற மெக்ஸிகோக்காரர் அதைப் படித்துவிட்டுப் புரியாமல் பார்த்தார். கடையை நீ எங்கே ஓட்டிக்கொண்டு போகிறாய் என்று கேட்டார். ஸ்பெயினில் அந்த இடத்தில் சாதாரணமாக வருவது ‘யெபார்’: எடுத்துச் செல்வது, சுமந்து போவது.

அன்று இரவு நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. நான் தமிழில் ‘கடை ஓட்டுகிறேன்’ என்று சொல்வதே இல்லை. கடை நடத்துகிறேன். அப்புறம் எதற்காக ஆங்கிலத்தின் ஓட்டத்தை ஸ்பானிஷுக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன்? நாற்பதையும் முதலில் தமிழில் எழுதினேன். தமிழ் எந்த வினையைப் போடுகிறதோ, அதை வைத்து ஸ்பானிஷில் தேட ஆரம்பித்தேன். இந்த ஆறு வாரத்தில் நான் செய்த நல்ல காரியம் அதுதான்.

கடிகாரத்தைப் பாருங்கள். தமிழில் அது ஓடும், ஓடாவிட்டால் நின்றுவிடும். ஸ்பானிஷில் அது நடக்கிறது! ‘எல் ர்ரெலோஹ் நோ அந்தா’, கடிகாரம் நடக்கவில்லை. ‘ஃபுன்ஸியோனார்’ என்ற பொதுச் சொல்லும் உண்டு, வேலை செய்வது என்று பொருள். அது எந்த எந்திரத்துக்கும் பொருந்தும். ஆனால் எனக்கு ‘அந்தார்’தான் பிடித்துப்போயிற்று. ‘கோமோ அந்தா எல் நெகோஸியோ’ என்றால் வியாபாரம் எப்படி நடக்கிறது. சொல்லுக்குச் சொல் தமிழ். ‘அந்தார்’ என்று தமிழில் எழுதினால் உச்சரிப்பும் சரியாக விழுகிறது. அந்த ‘ந்த’வை ஆங்கிலம் பேசுகிற நாக்குக்குப் பழக்க நேரம் பிடிக்கும், நமக்கு அது பிறந்ததிலிருந்தே இருக்கிறது.

நோட்டில் இரண்டு பக்கம் பிடித்தது வீட்டில் பால் தீர்ந்துபோகிற வாக்கியம். ஆங்கிலத்தில் ‘நாங்கள்’ எழுவாய், பால் தீர்ந்ததே எங்கள் செயல் மாதிரி. ஸ்பானிஷில் ‘ஸே மே அக்காபோ லா லெச்சே’. இதில் எழுவாய் பால். நடுவில் இருக்கிற ‘மே’ என்பது ‘எனக்கு’. எனக்குப் பால் தீர்ந்துவிட்டது. இதே அச்சில் ‘ஸே மே ஓல்பிதோ’ என்றால் எனக்கு மறந்துவிட்டது. ‘மே குஸ்தா’, எனக்குப் பிடிக்கிறது, என்பதை முதல் மாதமே படித்திருந்தேன். ஆனால் அதைத் தனி விதியாக மனப்பாடம் செய்திருந்தேன். நம்மைத் தேடி வந்து நடக்கிற விஷயங்களை ‘எனக்கு’ என்று சொல்கிற வழக்கம் நம்மிடமும் இருக்கிறது என்று இப்போதுதான் உறைத்தது. பொறுமை தீர்வதும் நேரம் தீர்வதும் இதே வடிவம்தான். ஒரே மாலையில் ஐந்து வாக்கியங்கள் முடிந்தன.

தேர்தல் வாக்கியம் அழகாக வந்தது. அமெரிக்க ஆங்கிலத்தில் வேட்பாளர் ஓடுகிறார். தமிழில் நிற்கிறார். ஸ்பெயினில் ‘ப்ரெஸென்த்தார்ஸே’, தன்னை முன்னிறுத்துகிறார். லத்தீன் அமெரிக்காவில் ‘போஸ்துலார்ஸே’ அதிகம். மூக்கு ஒழுகுவதற்கு, சளியைக் குறிக்கிற ‘மோக்கோ’விலிருந்தே ‘மோக்கெயார்’ என்று ஒரு வினை. பரம்பரைக் குணம் ஆங்கிலத்தில் குடும்பத்துக்குள் ஓடுகிறது, ஸ்பானிஷில் ‘பியெனே தே ஃபமிலியா’, அதாவது குடும்பத்திலிருந்து வருகிறது. நாமும் பரம்பரையாக வருகிறது என்றுதானே சொல்கிறோம்.

தமிழ் எப்போதும் கைகொடுத்தது என்று சொல்ல மாட்டேன். தியேட்டரில் படம் ஓடுவதை நம்பி ‘கொர்ரேர்’ போட்டேன், தவறு. அங்கே படத்தைப் ‘போடுகிறார்கள்’ அல்லது ‘தருகிறார்கள்’. கம்ப்யூட்டரில் புரோகிராம் ஓடுவதற்கு ஸ்பெயினில் ‘எஹெக்குத்தார்’, நிறைவேற்றுவது. லத்தீன் அமெரிக்காவில் ‘கொர்ரேர்’ என்றும் சொல்வதுண்டு.

எதிர்த்திசையிலும் ஒரு பாடம் கிடைத்தது. ஆங்கிலம் ‘ரன்’ போடாத இடங்களில் ‘கொர்ரேர்’ வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘கொர்ரே லா கொர்தீனா’ என்றால் திரையை இழுத்து மூடு. நாலாவது வாரம் அந்த மெக்ஸிகோக்காரர் தன் உறவுக்காரப் பையனைப் பற்றி ‘லோ கொர்ரியெரோன் தெல் த்ரபாஹோ’ என்றார். அவன் வேலையை விட்டு ஓடிவிட்டான் என்று நினைத்து, ஏன் ஓடினான் என்று கேட்டேன். ஓடவில்லை, ஓட்டிவிட்டார்கள் என்று விளக்கினார். வேலையிலிருந்து துரத்தியதை மெக்ஸிகோவில் அப்படித்தான் சொல்வார்களாம்.

இதுவரை கணக்குப் பார்த்தால் முப்பத்தொன்பதில் ‘கொர்ரேர்’ தங்கியிருப்பது ஒன்பதில் மட்டும். மிச்சம் இருப்பது ஆற்றை ஒட்டிச் செல்கிற சாலை. தமிழில் போகிறது என்பதால் ‘பா’ என்று எழுதினேன். போகிறது என்றே பொருள். ‘போர்தேயா’ என்றும் எழுதலாம், கரையோரமாகச் செல்கிறது. எனக்கு இரண்டாவதில் ஆறு கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அவரிடம் கேட்டுவிட்டு ஒன்றை அழிக்க வேண்டும்.