காசிமேட்டில் பார்த்த முடிச்சு

கடற்கரை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தமே ராயபுரம். 1856ல் திறந்த நிலையம். நம் நாட்டில் இன்னும் நிற்கிற ரயில் நிலையக் கட்டடங்களில் இதுதான் பழையது. அந்தத் தூண்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோவில் காசிமேடு போனேன்.

மே மாதம். ஏப்ரல் 15ல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் இடமில்லாமல் நெருக்கியடித்து நின்றன. நிழலில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கட்டுமரம் பற்றிக் கேட்டேன்.

"அதுல ஆணியே கிடையாது தம்பி. கயித்தாலதான் கட்டணும். கரைக்கு வந்தா அவுத்து மரத்தைக் காய வைக்கணும். இல்லன்னா தண்ணி குடிச்சு கனத்துப் பூடும்."

சில வருடங்களுக்கு முன் ஓர் அருங்காட்சியகத்தில் எடுத்த கட்டுமரப் படம் என் போனில் இருந்தது. கீழே 'மீனவர் படகு' என்று ஒரே ஒரு வரி. பெரியவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "கட்டு தப்பா கீதே. இது ஒரு அலைக்குத் தாங்காது" என்றார். வலையை ஓரமாக வைத்துவிட்டு ஒரு துண்டுக் கயிற்றில் சரியான முடிச்சைப் போட்டுக் காட்டினார்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனதுண்டா என்று கேட்டேன். பக்கத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அம்மாதான் பதில் சொன்னார்: "பள்ளிக்கூடத்துல ஒருவாட்டி இட்டுனு போனாங்க. அதெல்லாம் படிச்சவங்க போற எடம்பா."

எனக்கு அது வலித்தது. 2022ல் பிராகா நகரில் கூடிய பன்னாட்டு அருங்காட்சியக மன்றம், அருங்காட்சியகம் என்றால் என்ன என்ற வரையறையிலேயே சமூகங்களின் பங்கேற்பைச் சேர்த்தது. ஆனால் பொருளையும் கதையையும் வாங்கிக்கொண்டு போய்விடுவதைப் பங்கேற்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேப் டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதியிலிருந்து நிறவெறி அரசு 60,000 பேருக்கு மேல் வெளியேற்றியது. 1994ல் அங்கே திறந்த அருங்காட்சியகத்தில் தரையில் பெரிய தெரு வரைபடம். தங்கள் வீடு இருந்த இடத்தை அதில் எழுதியவர்கள் அங்கே வாழ்ந்தவர்களேதான். வந்தவர்களுக்குச் சுற்றிக் காட்டியவர்களும் அவர்கள்தான்.

வடசென்னையில் இப்படி ஓர் அருங்காட்சியகத்துக்கு எவ்வளவு இருக்கிறது! 1918ல் பி அண்ட் சி துணி மில் தொழிலாளர்கள் திரண்ட சென்னைத் தொழிலாளர் சங்கம், குத்துச்சண்டைப் பரம்பரைகள், கானா. மில் 1996ல் மூடியது. அங்கே தறி ஓட்டியவர்கள் இன்னும் பெரம்பூரிலும் புளியந்தோப்பிலும் இருக்கிறார்கள். எதைக் காட்டுவது, குறிப்பில் என்ன எழுதுவது என்று முடிவெடுக்கிற மேசையில் அவர்களுக்கும் நாற்காலி வேண்டும். ஆய்வாளருக்குத் தருகிற மதிப்பூதியத்தை இவர்களுக்கும் தர வேண்டும். அப்புறம், கூலி வேலைக்குப் போகிறவர்கள் வர முடிகிற மாதிரி இரவு எட்டு வரையாவது கதவு திறந்திருக்க வேண்டும்.

பெரியவர் போட்ட முடிச்சை நான்கு பக்கமும் படம் எடுத்து வந்திருக்கிறேன். கட்டுமரப் படம் எடுத்த அந்த அருங்காட்சியகத்துக்கு இந்த வாரமே கடிதம் எழுதுகிறேன். போக்குவரத்துச் செலவும் ஒரு நாள் கூலியும் கொடுத்து அவரை அழைக்கச் சொல்லி. தடைக்காலம் முடிவதற்குள் என்றால் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.