புல் விதையின் பீனால் சக்கையில்தான் இருக்கிறது

காட்டுப்புல் விதைப் பொடியை மெத்தனாலில் ஊறவைத்து, வடிநீரை மட்டும் அளந்து ‘பீனால் குறைவு’ என்று எழுதிவிடுகிறார்கள். சக்கை குப்பைக்குப் போகிறது. இது மிகவும் வருத்தமான தவறு. புல் விதைகளில் ஃபெருலிக் அமிலம் என்ற பீனாலின் பெரும்பகுதி, தவிட்டின் செல்சுவரில் அராபினோசைலான் என்ற சர்க்கரைச் சங்கிலியோடு எஸ்டர் பிணைப்பில் கட்டுண்டு கிடக்கிறது. மெத்தனாலுக்கு அது அசையாது, காரம்தான் அவிழ்க்கும்.

முதலில் விதையைப் பாருங்கள். பதரைப் புடைத்து நீக்குங்கள். உமியோடு அரைப்பதா, நீக்கி அரைப்பதா என்று முன்பே முடிவு செய்யுங்கள். உமியில் பாரா-கூமாரிக் அமிலம் என்ற இன்னொரு பீனால் அதிகம், கலந்தால் கணக்கு மாறிவிடும். கருஊதா நிறத்தில் கொம்புபோல நீண்டவை தென்பட்டால் அவை விதையல்ல, எர்காட் பூஞ்சை. அதன் ஆல்கலாய்டுகள் நச்சு. ஒன்றிரண்டு தப்பினாலும் ‘இந்தப் புல்லில் ஆல்கலாய்டு உண்டு’ என்ற பொய் முடிவு வரும். லென்ஸ் வைத்துப் பொறுக்குவதைத் தவிர வழியில்லை.

40 டிகிரியில் உலர்த்தி அரைத்து, ஹெக்சேனால் எண்ணெய் நீக்கவும். 1 கிராம் பொடிக்கு 20 மி.லி. 80% மெத்தனால், இருமுறை. இந்த வடிநீர் தனி மாதிரி. மிஞ்சும் சக்கையில் 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 20 மி.லி. ஊற்றி, நைட்ரஜன் செலுத்தி மூடி, இருட்டில் 4 மணி நேரம் குலுக்கவும். காற்று புகுந்தால் கஃபெயிக் அமிலம் போன்றவை கருகிப்போகும். வெளிச்சம் பட்டால் ஃபெருலிக் அமிலத்தின் ஒரு பகுதி சிஸ் என்ற மாற்று வடிவத்துக்கு மாறி, சேர்மங்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் இரண்டாவது முகடாக வரும். பிறகு பனிக்கட்டியில் வைத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பிஎச் 2-க்கு இறக்கி, எத்தில் அசிட்டேட்டால் மும்முறை பிரிக்கவும். பிஎச் இறங்காவிட்டால் அமிலம் அயனியாக நீரிலேயே தங்கிவிடும். நடுவே பால்போல் திரண்டால் குலுக்காதீர்கள், சென்ட்ரிஃபியூஜில் சுற்றுங்கள்.

மொத்தப் பீனாலை நீல நிறத்தால் காட்டும் ஃபோலின் சோதனை ஒரு முன்னோட்டம் மட்டுமே. 765 நானோமீட்டரில் தெரியும் நீலத்தை அஸ்கார்பிக் அமிலமும் புரதத்தின் டைரோசினும்கூடத் தரும். எந்த அமிலம், எவ்வளவு என்பதற்கு எச்பிஎல்சியில் சி18 என்ற பிரிப்புப் பத்தியும் 320 நானோமீட்டர் அலைநீளமும் வேண்டும். காரம் ஊற்றுமுன் ஒரு மாதிரியில் தெரிந்த அளவு ஃபெருலிக் அமிலம் சேர்த்துவையுங்கள். அதில் பாதிதான் திரும்பக் கிடைக்கிறதென்றால், மற்ற மாதிரிகளின் எண்களையும் வெளியிட வேண்டாம்.