தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு, மீன் தான் செத்துச்சு

டேங்க் வாங்குறதுக்கு முன்னாடி நான் யோசிச்சது எல்லாம் என்ன மீன், என்ன கலர் கல்லு, லைட் எப்படி இருக்கணும் இதப் பத்தி தான். ஃபில்டர் பத்தி ஒரு நிமிஷம் கூட யோசிக்கல. கடைல "எது பவரா இருக்கோ அதக் குடுங்க"ன்னு கேட்டு தண்ணிக்குள்ளயே முங்கி நிக்கிற, மோட்டார் வெச்ச ஒரு இன்டர்னல் பவர் ஃபில்டர் வாங்கிட்டு வந்தேன், மணிக்கு 800 லிட்டர்னு பெட்டில போட்டிருந்துச்சு. என் டேங்க் 60க்கு 30க்கு 30 சென்டிமீட்டர், பெருக்கி ஆயிரத்தால வகுத்தா 54 லிட்டர், கல்லு போக நிஜமா நிக்கிற தண்ணி 45 தான் இருக்கும். பொதுவா டேங்க் தண்ணி மணிக்கு நாலஞ்சு தடவ ஃபில்டர் வழியா சுத்தி வந்தா போதும்னு சொல்லுவாங்க, நான் வாங்கினது கணக்குப்படி பதினஞ்சு தடவைக்கு மேல. பெட்டில போடுற நம்பர் பெரும்பாலும் உள்ள பஞ்சு எதுவும் இல்லாம அளந்தது, நிஜத்துல கம்மியா தான் வரும், ஆனாலும் 45 லிட்டருக்கு அது ஆத்து வெள்ளம் தான்.

உள்ள விட்டது கப்பி மீன். நீளமான வால வெச்சுக்கிட்டு அந்த இழுப்புல நீந்த முடியாம எல்லாம் ஹீட்டர் பின்னாடி இருக்குற ஒரு மூலைல போய் ஒண்டிக்கிச்சு. நான் என்னடான்னா "பாரு எவ்வளவு ஒத்துமையா கூட்டமா இருக்கு"ன்னு சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன். குட்டி போட்டா காலைல பத்து இருக்கும், சாயங்காலம் எண்ணுனா மூணு. பெருசுங்க தின்னுடுதுன்னு நெனச்சேன், அதுவும் உண்மை தான், ஆனா ஒரு நாள் ஃபில்டரத் தொறந்தப்போ உள்ள பஞ்சுல ரெண்டு ஒட்டிட்டு இருந்துச்சு.

ஆனா அதெல்லாம் சின்ன விஷயம். நான் பண்ண பெரிய தப்பு சுத்தம். டேங்க் வெச்சு ரெண்டு மாசம் ஆயிருந்துச்சு, பஞ்சு பழுப்பு கலர்ல கொழகொழன்னு இருக்கவும் குழாயத் தொறந்து விட்டு பிரஷ் போட்டு தேய் தேய்னு தேய்ச்சு, அதோட விடாம வெயில்ல நல்லா காய வெச்சு, மறுநாள் புதுசு மாதிரி திரும்ப மாட்டினேன். தண்ணி அப்படியே கண்ணாடி. வந்து பாத்தவங்க எல்லாம் பாராட்டினாங்க. மூணாவது நாள் காலைல எல்லா மீனும் மேல வந்து வாயப் பொளந்துட்டு நிக்குது, நாலு மீன் செத்து அடில கெடக்குது.

தண்ணில அமோனியா மாதிரி விஷம் இருக்கான்னு பாக்குற டெஸ்ட் கிட் அன்னைக்கு தான் வாங்கினேன், மொதல் நாளே வாங்கியிருக்க வேண்டியது. அமோனியா டியூப் நல்ல பச்சையா வந்துச்சு, மஞ்சளா இருந்திருக்கணும். அமோனியாவுக்கு கலரே கெடையாது, அதனால தண்ணி எவ்வளவு தெளிவா இருந்தாலும் அதுக்குள்ள விஷம் இருக்கலாம்ங்கிறது எனக்கு அப்போ தான் உறைச்சுச்சு. தெனமும் பாதித் தண்ணிய மாத்தி, குளோரின் எடுக்குற மருந்து ஊத்தி, தீனிய ரொம்பக் கொறச்சு, அப்படி தான் மிச்சம் இருந்தத காப்பாத்துனேன்.

அந்த பழுப்புக் கொழகொழ தான் ஃபில்டரே, பஞ்சும் மோட்டாரும் அதுக்கு வீடு மாதிரி. மீன் விடுற அமோனியாவ ஒரு கூட்டம் பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும், அதுவும் விஷம் தான், அத இன்னொரு கூட்டம் நைட்ரேட்டா மாத்தும், இதோட வீரியம் ரொம்பக் கம்மி, வாராவாரம் கொஞ்சம் தண்ணி மாத்தினாலே கட்டுக்குள்ள இருக்கும். இந்த ரெண்டு கூட்டமும் புதுசா வளந்து நிக்க நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். நான் ரெண்டு மாசம் வளந்தத குழாய்த் தண்ணி குளோரின்லயும் வெயில்லயும் ஒரே நாள்ல காலி பண்ணிட்டேன்.

அப்புறம் தான் ஒழுங்கா உக்காந்து எந்த ஃபில்டர்னு பாக்க ஆரம்பிச்சேன், இந்த தடவ எது பவருன்னு பாக்கல, எதுல பாக்டீரியாவுக்கு எடம் அதிகம், எது கப்பிக்குட்டிய இழுக்காதுன்னு பாத்தேன். டேங்குக்கு வெளிய டப்பா மாதிரி வெக்கிற கேனிஸ்டர் அருமையான சாமான், ஆனா 54 லிட்டருக்கு அது எதுக்கு. கல்லுக்கு அடில தட்டு வெக்கிற டைப் அடில அழுக்கு சேந்தா மொத்த கல்லையும் கெளறணும், எனக்கு பொறுமை இல்ல. பின்னாடி தொங்க விடுற ஹேங் ஆன் பேக் மேல ரொம்ப நாள் ஆச இருந்துச்சு, ஆனா கரண்ட் போயி வந்தா சில மாடல்ல நம்ம தண்ணி ஊத்தினா தான் மறுபடி ஓடும், தண்ணி கொஞ்சம் வத்தினாலே அருவி சத்தம் வேற. அதுல பஞ்சும் கார்பனும் அடைச்ச கார்ட்ரிட்ஜ மாசா மாசம் மாத்தச் சொல்றத நெனச்சா தான் எனக்கு கோவம், பாக்டீரியா குடியேறின பஞ்ச தூக்கிப் போட்டுட்டு புதுசு போடுன்னா நான் வெயில்ல காய வெச்சதுக்கும் இதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? கார்பனுக்கு ஒரு வேல இருக்கு, நாத்தம், மஞ்சள் கலர், போட்ட மருந்து இதெல்லாம் எடுக்கும், அமோனியாவ அது எடுக்காது.

கடைசில வாங்கினது இருக்குறதுலயே அழகில்லாத ஒண்ணு, ரெட்டைப் பஞ்சு ஸ்பான்ஜ் ஃபில்டர், கூட ஒரு ஏர் பம்ப், அது விடுற காத்துக்குமிழி மேல போறப்போ தண்ணிய மெதுவா பஞ்சு வழியா இழுக்கும். ஒடனே பழச எடுக்கல, அஞ்சு வாரம் ரெண்டையும் சேத்தே ஓட்டினேன், பழைய பஞ்ச புதுசு மேல கொஞ்சம் பிழிஞ்சும் விட்டேன். ரெண்டு நாளைக்கு ஒரு தடவ டெஸ்ட் பண்ணி அமோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து சைபர்ல நின்னதுக்கு அப்புறம் தான் பவர் ஃபில்டர நிறுத்தினேன்.

ஏர் பம்ப்ல ஒரு தொல்லை, அது டேங்குக்கு கீழ இருந்தா கரண்ட் போற நேரம் தண்ணி டியூப் வழியா திரும்பி வந்து பம்ப நனைக்கும். அதுக்கு தான் நடுவுல ஒரு பக்கம் மட்டும் காத்த விடுற செக் வால்வ் போடுறது. நான் போட்டேன், தலகீழா. காத்தே வரல, பம்ப் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணி பெட்டில வெச்சு கட்டி திருப்பிக் குடுக்க கெளம்புறப்போ தான் தோணுச்சு வால்வ வாயில வெச்சு ஊதிப் பாப்போம்னு, ஒரு பக்கம் போகுது ஒரு பக்கம் போகல. ராத்திரில உறுமுற சத்தத்துக்கு பம்புக்கு அடில மடிச்ச துண்டு வெச்சிருக்கேன், முக்கால்வாசி அடங்கிடுச்சு.

உண்மையச் சொல்லணும்னா முன்ன மாதிரி பளபளப்பு இல்ல, லைட் போட்டா பொடித்தூசி மெதக்குறது தெரியும், ஸ்பான்ஜ் அந்த அளவு பொடிய பிடிக்காது. கப்பிக்கு அதப் பத்தி கவலயே இல்ல, இப்போ டேங்க் முழுக்க சுத்துது, குட்டிங்க பஞ்சு மேலயே ஒக்காந்து எதையோ கொத்திட்டு இருக்கும்.

கழுவுறது இப்போ தண்ணி மாத்துறப்போ எடுக்குற அதே டேங்க் தண்ணில தான், பக்கெட்ல வெச்சு நாலு பிழி, ஒரு தடவைக்கு ஒரு பஞ்சு மட்டும், அடுத்தது ரெண்டு வாரம் கழிச்சு. போன வாரம் பிழிஞ்சுட்டு அந்த அழுக்குத் தண்ணிய கொட்டப் போனா ஓரமா ஏதோ துள்ளுது, ஒரு கப்பிக்குட்டி, பஞ்சோட சேந்து வந்துடுச்சு போல. டீ வடிகட்டில அள்ளி திரும்ப விட்டேன். வடிகட்டி இனிமே மீனுக்கு தான்னு வீட்ல தீர்ப்பு சொல்லிட்டாங்க.