அரூர் மாலிப்டினம்: கல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி என்றாலே கிரானைட் குவாரிதான் பேச்சு. உலோகம் என்று வந்தால் அரூர்–ஊத்தங்கரைப் பட்டையிலுள்ள மாலிப்டினத்துக்கே என் ஓட்டு.

மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்த தாதுவான மாலிப்டினைட், பாறைக்குள் ஓடும் வெள்ளை குவார்ட்ஸ் நரம்புகளில் ஈயநிறச் செதிலாக ஒட்டியிருக்கும். நகத்தால் கீறலாம், விரலில் மை போல ஒட்டும். பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டும் அப்படித்தான், பலர் கோட்டை விடுவது இங்கேதான். பளபளப்பான பீங்கானில் தேய்த்தால் மாலிப்டினைட் பச்சை கலந்த சாம்பல் கோடு விடும், கிராஃபைட் கறுப்பாகவே விடும். அடர்த்தியும் தண்ணீரைப் போல 4.7 மடங்கு, கிராஃபைட்டுக்கு 2.2தான். ஆனால் செதிலைப் பிரிக்காமல் கனம் பார்த்தால் குவார்ட்ஸின் எடைதான் கையில் தெரியும்.

தூய கனிமத்தில் 60 சதவீதம் மாலிப்டினம். பாறையில் மாலிப்டினம் 0.1 சதவீதம் இருந்தால் டன்னுக்கு 1 கிலோதான். அதனால் அரைத்து நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்க வேண்டும். தண்ணீரில் சேர்க்கும் டீசல் செதிலில் படியும், பைன் எண்ணெய் நுரை கட்டும், செதில் நுரையோடு மேலே வரும். அரைப்பு கரகரவென்று இருந்தால் செதில் குவார்ட்ஸோடு அடியில் போய்விடும். மிகையானால் சேறாகி நுரையைக் கெடுக்கும். முதலில் ஓரளவு மட்டும் கரடாக அரைத்து மிதக்கவிட்டு, மேலே வந்த சரக்கை மட்டும் மறுபடி அரைப்பதே சிக்கனம்.

பிறகு 500–650 டிகிரி செல்சியஸில் வறுத்தால் மாலிப்டினம் ஆக்சைடு. சூடு எல்லை மீறினால் அதுவே ஆவியாகிப் பறக்கும். கந்தகப் புகையைப் பிடிக்க வழி செய்யாமல் உலையைப் பற்றவைக்கவே கூடாது.